மூன்றாம் ஓலைக்குத் தடை

என் மகள் ஸ்வீட்லினின் கல்யாணத்துக்குச் சபை நடுவில் எழுந்து நின்று தடை சொன்ன ஆள் வேறு யாரும் இல்லை, நான்தான். பெண்ணைப் பெற்ற தகப்பன் எலியேசர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் இந்தக் கதை ஆளுக்கொரு விதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கதையில் நான் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தேனாம். இன்னொரு கதையில் சாமி வந்து ஆடினேனாம். கிறிஸ்தவன், வேதக்காரனுக்கு ஏது சாமியாட்டம்? அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். அவமானப்படுவது என்று ஆகிவிட்டது, சரியான தகவலோடு அவமானப்படலாம்.

நான் ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. ஸ்பின்னிங் பகுதி, முழு நைட். மற்றவர்கள் ஷிப்ட் மாறி மாறி வருவார்கள். நான் மாறுவதில்லை. ஊர் அடங்கிய பிறகு உள்ளே போனால் காலைச் சங்கு ஊதும்போதுதான் வெளியே வருவேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக மில்லில் உள்ள நூல் மொத்தமும் அறுந்துபோகும் என்று நானாகவே ஒரு விசுவாசம் வைத்திருந்தேன். பகலில் சபைக் கமிட்டி, சொந்தக்காரர் பஞ்சாயத்து, வீட்டுத் தண்ணீர் மோட்டார். இதற்கு நடுவே கண்ணை மூடினால் ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு. "எலியேசரு தூங்கவே மாட்டாம்லே" என்று மில்லில் பேசிக்கொள்வார்கள். சிலருக்குப் பேருக்குப் பின்னால் எம்.ஏ. இருக்கும், சிலருக்கு பி.எட். இருக்கும். எனக்கு இந்தப் பட்டம்தான் இருந்தது.

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவது போல நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே. விழித்திருப்பது போல நடிக்கிறவன். என்னைத் தூங்க வைக்க யாராலும் முடியவில்லை.

கல்யாணம் நிச்சயமானதும் கொஞ்சநஞ்சம் இருந்த தூக்கமும் போயிற்று. மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாவற்றையும் நானே பார்ப்பேன் என்று முடிவு எடுத்துவிட்டேன். அடுத்தவன் பார்த்தால் சரியாக இருக்காது பாருங்கள். நான் பார்த்த லட்சணத்தையும் சொல்லுகிறேன். பத்திரிகை கொடுக்க வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் தோளைத் தட்டி இறக்கிவிட்டபோது பிளவக்கல் அணைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, "அணையில தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு பாத்துட்டு வந்தேன்" என்றேன்.

என் மனைவி இன்பம் கையில் இருந்த அரிவாள்மணையைக் கீழே வைத்தாள். "கல்யாணத்துக்கு அணையையும் கூப்புடுதீயளா?" என்று கேட்டாள்.

ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை பத்திரிகை வைத்தேன். சொந்தச் சித்தப்பா மகனுக்கு வைக்கவே இல்லை. பல் துலக்கும் பிரஷ்ஷில் ஷேவிங் கிரீமைப் பிதுக்கி, பாதி துலக்கிய பிறகு புதுப் பேஸ்ட்டை யார் வாங்கினது என்று வீட்டில் சண்டை போட்டேன். சண்டைக்கு மட்டும் எனக்குத் தெம்பு குறைந்ததே இல்லை. தையல்காரரோடு சண்டை, கேஸ் சிலிண்டர் போடுகிறவரோடு சண்டை, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் கத்தின காக்காயோடு சண்டை. கண் எந்நேரமும் மிளகாய் பட்டது போல எரியும். மாடி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். கல்யாணச் சந்தோஷத்தில் அப்படித்தான் அடிக்கும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

இன்பம் விடாமல் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்றார் அவர். "எவ்வளவு நேரம் தூங்குவீங்க?" என்று கேட்டார்.

"நமக்கு அது தேவைப்படாது சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "தூக்கம் இல்லன்னா ரத்த அழுத்தம் ஏறும், கோவம் வரும், ஞாபகம் நிக்காது. மாத்திரை பாதி வேலைதான் பாக்கும். மீதிய நீங்கதான் படுத்துப் பாக்கணும்" என்றார். வெளியே வந்ததும், தூங்கச் சொல்வதற்கு ஒரு டாக்டரா, இதை எங்கள் வீட்டுப் பூனை சும்மாவே சொல்லுமே என்று இன்பத்திடம் கத்தினேன். பூனை சொல்வதையாவது கேட்டிருக்கலாம்.

இப்போது மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கிளாட்வின், கிருஷ்ணன்கோவிலில் உள்ள யுனிவர்சிட்டியில் லேப் வேலை. ஸ்வீட்லினுக்கும் அங்கேயே ஆபீசில் வேலை. இரண்டு பேரும் பிடித்துப்போய் வீட்டில் சொன்னார்கள். நான் உடனே சரி என்றேன். யோசிக்கிற தெம்பு அப்போது என்னிடம் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா சாம்சன்தான் இழுத்தடித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போட்டு விற்கிறவர். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் வாயிலிருந்து 'சரி' வரவில்லை. என் மகள் அந்த ஒரு வருஷத்தில் சாப்பாட்டைக் கொறித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் பையன் பிடிவாதத்துக்காக அரை மனதாகத் தலையாட்டினார். எந்த நேரமும் மீதி அரை மனது மேலே வந்துவிடலாம் என்று எல்லோருக்கும் பயம் இருந்தது.

சாம்சன் விடியுமுன்னே பால் இறக்க எழுந்துவிடுவார். அதனால் மத்தியானம் சாப்பிட்டதும் பாயைப் போட்டுப் படுத்துவிடுவார். இடியே விழுந்தாலும் எழ மாட்டார். நிச்சயதார்த்தத்தன்றும் பந்தி முடிந்ததும் ஒரு மூலையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "ஆம்பிள பகல்ல படுத்தா வீட்டுல லெச்சுமி தங்க மாட்டான்னு மத்தவங்க சொல்லுவாவ. நமக்கு லெச்சுமி கிடையாது, ஆனா வெக்கம் உண்டுல்லா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். "நானெல்லாம் தூங்குனதை எம் பொண்டாட்டியே பாத்தது கெடையாது." சாம்சன் கண்ணைத் திறக்காமலே படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று ஆராதனை நடுவே ஐயர் கேட்பார். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்லுவோம். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்துவார். அந்த நேரத்தில் இரண்டு வீட்டாரும் மூச்சு விட மாட்டார்கள். பிறகு அவர் தாளை மடித்துவிடுவார். எனக்குத் தெரிந்து யாரும் தடை சொன்னதில்லை. அப்படி யாராவது சொல்லிவிட்டால் விசாரித்து முடிக்கிற வரைக்கும் கல்யாணம் நடத்தக் கூடாது. அதுதான் விதி.

முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் நல்லபடியாக முடிந்தன. மூன்றாம் ஓலைக்கு எங்களை ஸ்ரீவில்லிபுத்தூர் சபைக்கே வரச் சொல்லியிருந்தார் சாம்சன். ஆராதனை முடிந்து அவர் வீட்டில் சாப்பாடு. கல்யாணம் அதே வாரம் வியாழக்கிழமை.

சனிக்கிழமை ராத்திரி வேலைக்குப் போக வேண்டாம் என்று இன்பம் கெஞ்சினாள். "ஒரு நா லீவு போட்டா மில்லு ஓடாதா?"

"ஓடாது" என்றேன். அன்றைக்கு நான் முழுமனதாக நம்பிச் சொன்ன பதில் அது.

காலைச் சங்கு ஊதியதும் மில்லில் முகம் கழுவி, கொண்டுபோயிருந்த வெள்ளை வேட்டி சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தேன். இன்பமும் ஸ்வீட்லினும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சாம்சனுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். மரியாதைக்காகப் போட்ட இடம். பிரசங்கம் தொடங்கியது. தலைக்கு மேலே பழைய ஃபேன் ஒன்று ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் எனக்குப் பழகின இரைச்சல்.

இங்கே எங்கள் மில் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஸ்பின்னிங் ஹாலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. அதனால் எங்களுக்குள் எல்லாம் விசிலும் கைச்சாடையும்தான். நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தால், இந்தப் பக்கம் பார் என்று அர்த்தம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போட்டால், மெஷினை நிறுத்து என்று அர்த்தம். புதிதாக வருகிற ஆட்களுக்கு இதை நான்தான் கற்றுக்கொடுப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகத் தூக்க வேண்டும் என்று சொல்லிக் கற்றுக்கொடுப்பேன்.

பிரசங்கம் எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஸ்பின்னிங் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது மெஷினில் வேலை செய்கிற பெண்ணின் துப்பட்டா நுனி பெல்ட் பக்கம் போகிறது. அவள் பார்க்கவில்லை. இன்னும் ஒரு சாண்தான். நான் எழுந்தேன். விசில் அடித்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போட்டு, "நிறுத்து, நிறுத்து" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

மெஷின் நின்றுவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். அவ்வளவு அமைதி.

கண் தெளிந்தபோது ஐயர் கையில் தாளோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தடை உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்திய அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் நான் எழுந்திருக்கிறேன். சபை மொத்தமும் என் பக்கம் திரும்பியிருந்தது. கை இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தது. அதை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை. பெண்கள் பக்கம் ஸ்வீட்லின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தடை சொல்லப்பட்டிருக்கு. ஆராதனை முடிஞ்சு விசாரிப்போம்" என்று ஐயர் மெதுவாகச் சொல்லி, தாளை மடிக்காமல் அப்படியே பீடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு பாடின பாட்டில் யாருக்கும் சுருதி சேரவில்லை.

ஐயர் அங்கி மாற்றுகிற அறைக்கு எங்களைக் கூப்பிட்டார். நான், இன்பம், ஸ்வீட்லின், கிளாட்வின், சாம்சன். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நல்ல நாற்காலி, கை வைத்தது. அதுவும் பிற்பாடு எனக்கு விரோதமாகப் போயிற்று.

"சொல்லுங்க. தடைக்குக் காரணம் என்ன?" என்றார் ஐயர்.

தூங்கிவிட்டேன் ஐயரே, மன்னியுங்கள் என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. ஆனால் எதிரே சாம்சன் நின்றார். மத்தியானத் தூக்கத்துக்காக நான் நாலு பேர் முன்னால் கேலி செய்த சாம்சன். அவர் முன்னால் நான் சபையில் தூங்கினேன் என்று எப்படிச் சொல்ல? என் பட்டம் என்ன ஆவது? "மனசுல ஒரு சந்தேகம் பட்டுச்சு. விசாரிச்சுக்கிடலாம்னுதான்" என்றேன்.

சாம்சனின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்ன சந்தேகம்? எம் மவன் பேர்ல என்ன சந்தேகம்? இங்கனயே சொல்லுங்க அண்ணாச்சி."

மூளை இருக்கிறவன் என்றால் ஏதாவது நாகரிகமான பொய்யாகச் சொல்லியிருப்பான். என் மூளை பல நாளாகக் கதவடைத்துக் கிடந்தது. வாய்தான் வேலை பார்த்தது. "மாப்பிள்ளைக்குக் குறட்டை விடுத பழக்கம் உண்டான்னு…" என்றேன்.

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. கிளாட்வின் தரையைப் பார்த்தான். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறட்டைக்குத் தடை சொல்ல விதியில இடமில்ல" என்றார்.

"ஐயரே, இவிய எதையோ மறைக்காவ" என்றார் சாம்சன். "குறட்டைக்கு யாராவது சபையில விசில் அடிப்பாவளா? எனக்கு மொதல்ல இருந்தே மனசு ஒப்பல. பையன் கேக்கானேன்னு இறங்கி வந்தேன். இப்பம் பெண்ணைப் பெத்தவரே வேண்டாங்காரு. ஒத்தி வச்சிருவோம். விசாரிச்சு நிதானமாப் பாப்போம்."

ஒத்தி வைப்பது என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த மனுஷர் ஒரு தடவை ஒத்தி வைத்தால் அதற்கு அடுத்த தேதி கிடையாது. ஸ்வீட்லின் அழவில்லை. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அழுதிருந்தாலே தேவலை.

"அவிய தூங்கிட்டாவ ஐயரே. வேற ஒண்ணுமில்ல. ராத்திரி பூரா வேலை பாத்துட்டு நேரா வந்தாவ" என்றாள் இன்பம்.

"தூங்குனாரா? அவரு தூங்கவே மாட்டாருன்னு ஊருக்கே சொன்னவருல்லா" என்று சாம்சன் என் பக்கம் திரும்பினார். "தூங்குதவன் எந்திச்சு நின்னு கையத் தூக்குவானா? கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, நான் பக்கத்துலதான இருந்தேன். நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, தூங்குனீயளா, தூங்கலையா?"

இனி மானம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தோன்றிவிட்டது. மகள் வாழ்க்கை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணாச்சி, நான் உள்ளதைச் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தேன்.

அத்தோடு சரி. எனக்கு அதற்கு மேல் தெரியாது.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்கு மாறியிருந்தது. தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். தலைக்குப் பாடகர் குழுவின் அங்கிகளை மடித்து வைத்திருந்தார்கள். அதில் என் எச்சில் ஒழுகியிருந்தது. பக்கத்தில் கிளாட்வின் உட்கார்ந்து ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். கரண்ட் இல்லை.

"எல்லாரும் எங்க மாப்ள?"

"சாப்பிட்டு முடிச்சாச்சு மாமா. ஒங்களுக்கு எடுத்து வச்சிருக்கு."

"ஓலை?"

"முடிஞ்சுது." அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "உள்ளதைச் சொல்லுதேன்னு சொன்னீய. அடுத்த வார்த்தையே குறட்டைதான். அப்பா ரெண்டு தடவ தோளப் புடிச்சு உலுக்குனாவ. ஐயர் கூப்புட்டுப் பாத்தாவ. அசையல. செத்த நேரம் எல்லாரும் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தோம். பொறவு ஐயர், 'இதைவிட என்ன வாக்குமூலம் வேணும்'னு சொல்லிட்டு வெளிய போனாவ. கலைஞ்சு போகாம நின்ன சனத்துக்கிட்ட, தடை தூக்கத்துல சொன்னது, செல்லாதுன்னு அறிவிச்சுட்டாவ."

நான் பல வருஷம் கட்டிக் காப்பாற்றிய பட்டம், சபையில் அறிவிப்புப் படித்துப் பறிக்கப்பட்டிருக்கிறது. வருத்தமாகத்தான் இருந்தது. அதைவிட வயிறு பசித்தது.

"அப்பா எப்படிச் சமாதானம் ஆனாவ?"

கிளாட்வின் விசிறுவதை நிறுத்தினான். "ஸ்வீட்லின் ஒண்ணு சொல்லிச்சு. அத வுடுங்க மாமா."

விடுவேனா? நோண்டி நோண்டிக் கேட்டேன். கடைசியில் சொன்னான். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது ஸ்வீட்லின் சாம்சனிடம், "மாமா, எங்கப்பா தூங்காத மனுசன்னு ஊரே சொல்லுது. நான் பொறந்ததுல இருந்து அவிய முழிச்சிருந்து பாத்ததே இல்ல" என்றாளாம். அதைக் கேட்டுச் சாம்சனே போய்ப் பாயை எடுத்துவந்து எனக்கு விரித்தாராம்.

சாம்சன் தன் மத்தியானத் தூக்கத்தை முடித்துக்கொண்டு தோளில் துண்டோடு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "நல்லாத் தூங்குனீயளா அண்ணாச்சி?" என்று கேட்டார். எத்தனை நாளாக அந்தக் கேள்விக்குக் காத்திருந்தாரோ. ஒரு கிண்ணத்தில் சூடாறாத பால்கோவாவை நீட்டினார். "எனக்குச் சீரு கீரு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணம் வரைக்கும் நீங்க ராத்திரி வேலைக்குப் போவப்படாது. படுத்துத் தூங்கணும். உறங்காமக் காக்கிறவரு மேல ஒருத்தர் இருக்காரு. அந்த வேலைய நீங்க எதுக்குப் பாக்கீய?"

மில்லுக்கு லீவு சொன்னேன். மேனேஜர் மறு பேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். நான் இல்லாமல் நூல் அறுந்ததா என்று மறுநாள் போன் போட்டு விசாரித்தேன். வழக்கத்தைவிடக் குறைவாக அறுந்ததாகச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டேன்.

படுத்தால் தூக்கம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. எனக்கு முதல் ராத்திரி ஓட்டில் பல்லி நடக்கிறது கேட்டது. உடம்புக்குத் தூங்குகிற வித்தையே மறந்துவிட்டது. இதில் மகள் சொன்ன பேச்சு வேறு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. பார்த்ததே இல்லையாமே. யார் ராத்திரி பகலாக உழைத்தது? எவன் உழைப்பில் படித்தாள்? நன்றி கெட்ட கழுதை. அவளுக்காக நான் செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்லி அவள் வாயை அடைக்க வேண்டும் என்று இருட்டில் படுத்து யோசித்தேன். ஃபீஸ் கட்டியது நினைவு வந்தது. சைக்கிள் வாங்கிக் கொடுத்தது வந்தது. அதற்குப் பிறகு என்ன என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. நிறைய இருக்கும், தூக்கக் கலக்கத்தில் வரவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மறு ராத்திரி தூக்கம் வந்தது. அதற்கு அடுத்த ராத்திரி செத்த மாதிரி தூங்கினேன். எழுந்து காபி குடித்தால் காபிக்கு ஒரு வாசனை இருந்தது. காக்கா கத்தியது, நான் பதில் பேசவில்லை. "என்ன, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று இன்பம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை எங்கள் ராஜபாளையம் சபையில் கல்யாணம். மகளைக் கைபிடித்துப் பீடம் வரைக்கும் நான்தான் கூட்டிப்போக வேண்டும். கோவில் வாசலில் கதவு சாத்தியிருக்க, நாங்கள் இரண்டு பேரும் மட்டும் வெளியே நின்றோம். உள்ளே வாத்தியம் தயாராகிற சத்தம் கேட்டது. காலை வெயில் பக்கவாட்டில் அவள் முகத்தில் விழுந்தது. முக்காட்டுத் துணி மெல்லிசு. நான் நன்றாகத் தூங்கி எழுந்த கண்ணால் என் மகளைப் பார்த்தேன். அழகாக இருந்தாள். மோவாய்க்குக் கீழே வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. விரல் நீளம் இருக்கும்.

"இது என்னது? எப்பம் பட்டுது?" என்று கேட்டேன். மேக்கப் போட வந்தவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று கோபம்கூட வந்தது.

அவள் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏழாப்பு படிக்கும்போதுப்பா. சைக்கிள்ல இருந்து விழுந்தேன். நீங்க அப்பத்தான் மில்லுல இருந்து வந்தீய. சட்டை கூட மாத்தாம என்னையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனீய. ஒங்க சட்டையெல்லாம் ரெத்தம். தையல் போட்டு முடிக்க வரைக்கும் எங் கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தீய. நான் அழாம இருக்க ஒரு பாட்டுப் படிச்சீய." தழும்பைத் தொட்டுக்கொண்டு, "ஞாபகம் இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

தேடினேன். சத்தியமாகத் தேடினேன். சைக்கிள் இருந்தது, சிவப்பு நிறம். ஆஸ்பத்திரி இல்லை. ரத்தம் இல்லை. அந்தச் சின்னக் கை என் கைக்குள் இருந்த நினைவு இல்லை. ராத்திரி படுத்துக்கொண்டு நான் தேடிய நல்ல காரியம் இதோ இருக்கிறது. ஒரு தகப்பன் செய்யக்கூடியதில் இதைவிட நல்ல காரியம் கிடையாது. அதை நான்தான் செய்திருக்கிறேன். நான் மட்டும்தான் அங்கே இல்லை.

"என்ன பாட்டு?" என்று கேட்டேன்.

அவள் வாயைத் திறக்கிறதற்குள் கதவு திறந்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார்கள். முன்வரிசையில் சாம்சன் என் கை இரண்டும் கீழே இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு கை கீழே இருந்தது. மற்றதை ஸ்வீட்லின் பிடித்திருந்தாள். அவள் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், வாயை மூடிக்கொண்டே அந்த மெட்டை முனக ஆரம்பித்தாள். பீடம் வரைக்கும் முனகிக்கொண்டே வந்தாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.